திருவிழாவுக்குப் பொலிஸ் கேட்பது எப்படி: வன்னிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் ஒரு பொலிஸ்காரரை, மேசனைப் பிடிப்பதுபோல நாள் கூலிக்குப் பிடிக்க முடியாது. கோயில் தேர், பாடசாலை விழா, வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து செய்கிற பெரிய கல்யாணம், கழகத்தின் சுற்றுப்போட்டி என்று எதுவாக இருந்தாலும், பொலிஸ் வேண்டுமென்றால் நிலையத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். யாரை அனுப்புவது, எத்தனை பேரை அனுப்புவது என்பதை நிலையம் தீர்மானிக்கும். விசயம் இவ்வளவுதான். ஆனால் இப்படி இரண்டு வரியில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, "அது சரி அக்கா, தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார்" என்று போய்விடுகிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிரதேச சபையொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பரந்தன் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபையில் செயலாளர். மைதானம் கேட்டு, ஒலிபெருக்கி கேட்டு, தண்ணீர் பவுசர் கேட்டு வந்த விண்ணப்பங்களை மேசைக்குப் பின்னால் இருந்து வாங்கிப் பழகியதால், எந்தக் கடிதம் எந்த அலுவலகத்தில் ஏன் தேங்கி நிற்கும் என்பது ஓரளவு தெரியும்.

கனடாவிலிருந்து வரும் யோசனை

எங்கள் திருவிழாச் செலவில் நல்ல பங்கு ஸ்காபரோவில் இருந்து வருகிறது. காசோடு யோசனையும் சேர்ந்து வரும். "சின்னம்மா, இங்க நாங்கள் தேருக்குப் பொலிஸை மணித்தியாலக் கணக்கில காசு கட்டித்தான் எடுக்கிறம். நீங்களும் லீவில நிக்கிற ரெண்டு பேரைப் பிடியுங்கோ, காசை நான் போடுறன்" என்பான் என் பெறாமகன்.

அவன் அங்கே நடப்பதைச் சரியாகத்தான் சொல்கிறான். ரொறன்ரோவில் அதற்கு 'பெய்ட் டியூட்டி' என்று பெயர். கடமை நேரம் முடிந்த பொலிஸ் அதிகாரி சீருடையோடு வந்து உங்கள் நிகழ்ச்சிக்குக் காவல் நிற்பார், காசு நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் அதற்கென்று ஒரு மத்திய அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் அங்கேதான் போகும், ஆளை ஒதுக்குவதும் அந்த முறைப்படிதான். குறைந்தது 3 மணித்தியாலத்துக்குக் காசு கட்ட வேண்டும், ஒரு மணித்தியால வேலை என்றாலும். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் வந்தால் அவர்களை மேற்பார்க்க ஒரு சார்ஜனையும் எடுக்க வேண்டும், அவருக்கு வீதம் கூட. இதற்கு மேல் நிர்வாகக் கட்டணம் வேறு. 2010-இல் அந்த நகரத்தின் கணக்காய்வாளர் நாயகம் இந்த முறையை அலசி அறிக்கை எழுதிய காலத்தில் அது 15 சதவீதமாக இருந்தது. வீதி திருத்துகிற வேலைக்குக்கூடத் தேவைக்கு மேலாகப் பொலிஸ் நிறுத்தப்படுகிறதா, அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் அங்கேயும் கேள்வியான விசயம்தான்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் விதி மாறும். நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் முன்பு அதிகாரிகளே தங்களுக்குள் வேலையைப் பேசிப் பிரித்துக் கொண்டார்கள். கடைக்காரரோடு நேரே பேச்சு, நேரே காசு. 2011-இல் அமெரிக்க நீதித் திணைக்களம் அந்த நகரப் பொலிஸைப் பற்றி எழுதிய அறிக்கையில், ஊழலின் பெரிய வழியே இந்தத் தனியார் வேலைதான் என்று கடுமையாகச் சொன்னது. அதன் பிறகு நகரம் தனி அலுவலகம் ஒன்றைத் திறந்து, வேலை கேட்பவருக்கும் அதிகாரிக்கும் நடுவில் அதை வைத்தது. இப்போது ஆளைத் தெரிவு செய்வதும் காசை வாங்குவதும் அந்த அலுவலகம்.

லண்டன் பக்கம் இன்னொரு விதம். 1996-ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, யாராவது கேட்டு விசேட சேவை கொடுத்தால் பொலிஸ் அதற்குக் கட்டணம் அறவிடலாம். எது விசேட சேவை என்பதில் வழக்கு வந்தது. லீட்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் வழக்கில் 2013-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், மைதானத்துக்கு வெளியே பொது வீதிகளில் பொலிஸ் நிற்பதற்குக் கழகத்திடம் காசு கேட்க முடியாது, அது பொதுமக்களுக்குச் செய்கிற வழமையான கடமை என்றது. உங்கள் மதிலுக்கு உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள், இங்கேயும் பேசும்போது உதவும்.

மூன்று நாட்டிலும் ஒன்று கவனியுங்கள். காசு வாங்குகிற இடத்தில்கூட அதைப் பொலிஸ்காரரின் கையில் வைப்பது ஒழுங்கான முறை இல்லை.

இங்கே ஏன் அந்த முறை இல்லை

ரொறன்ரோப் பொலிஸ் அந்த நகரத்தின் பொலிஸ். எங்கள் பொலிஸ் முழு நாட்டுக்கும் ஒன்று, பொலிஸ் மா அதிபரின் கீழே. 1987-இல் அரசியலமைப்புக்கு வந்த 13-ஆம் திருத்தத்தில் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. உள்ளூராட்சி சபைகளுக்கோ எழுத்திலும் இல்லை. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பிரதேச சபையிலும் பொலிஸ் கிடையாது. மன்னார் நகர சபைக்கும் கிடையாது, மாநகர சபையாக உயர்ந்த வவுனியாவுக்கும் கிடையாது. தவிசாளரிடம் போய் "இரண்டு பொலிஸ் போட்டுத் தாங்கோ" என்று கேட்டால் அவரும் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குத்தான் தொலைபேசி எடுப்பார்.

அடுத்தது, 1865-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதன் 56-ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் எப்போதும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. லீவில் வீட்டில் நிற்பவரும் சட்டத்தின் கண்ணில் பொலிஸ்தான், கூப்பிட்டால் போக வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாசலில் நிறுத்திய ஆளை இரவு எட்டு மணிக்கு நிலையம் கூப்பிட்டால், உங்கள் வாசல் வெறும் வாசல்.

அயலில் ஒரு பிறந்தநாள் விழாவில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பம், மண்டபம் எடுத்து, டிஜே போட்டு, வாசலில் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரைச் சாதாரண உடுப்பில் நிறுத்தியிருந்தார்கள். பத்து மணியளவில் வெளியே மோட்டார் சைக்கிள் விடுவதில் பெடியங்களுக்குள் வாய்த்தர்க்கம், பிறகு கைகலப்பு. அந்த மனிதர் என்ன செய்வார், பாவம்? தடுத்தால் "நீ ஏன் அங்கே நின்றாய்" என்று நிலையத்தில் கேள்வி வரும். தடுக்காவிட்டால் "பொலிஸ்காரன் பார்த்துக்கொண்டு நின்றான்" என்று ஊர் சொல்லும். அவர் மெல்லப் பின்பக்கத்தால் போய்விட்டார். மண்டை உடைந்தவரின் வழக்கில், அன்று அங்கே ஒரு பொலிஸ் நின்றதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

நிலையத்தில் இருந்து முறைப்படி வருகிறவர் எங்கே போகிறார், என்ன கடமைக்குப் போகிறார் என்று புத்தகத்தில் பதிந்துவிட்டே வெளிக்கிடுவார். பிரச்சினை வந்தால் அந்தப் பதிவுதான் அவருக்கும் காவல், உங்களுக்கும் காவல். இன்னொன்று, அரச ஊழியர் ஒருவருக்கு அவருடைய கடமைக்காகக் கையில் காசு கொடுத்தால் வாங்கியவர் மட்டுமில்லை, கொடுத்தவரும் குற்றவாளி. முன்பு இலஞ்சச் சட்டம், இப்போது 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். "சந்தோசமாகக் குடுத்தது" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

கடிதம்

முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். அவர் கையொப்பம் இல்லாமலும் கடிதம் கொடுக்கலாம், ஆனால் அது இருந்தால் நிலையத்தில் "இது எந்தக் கோயில், யார் நடத்துகிறது" என்ற அரை மணித்தியால விசாரணை மிச்சம். கோயிலுக்குள் இரண்டு பகுதி பிரிந்து நிற்கிறது என்றால் இந்தப் படி இன்னும் முக்கியம். வழக்கில் நிற்கிற கோயில்களின் கடிதத்தைப் பொலிஸ் இரண்டு தரம் படிக்கும்.

ஊர்வலத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. அது சட்டத்தின் ஆகக் குறைந்த எல்லை. ஆள் வேண்டுமென்றால் மூன்று, நான்கு கிழமைக்கு முன்னமே கொடுங்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, மாசியில் திருக்கேதீச்சரச் சிவராத்திரி. இந்த நாட்களில் அயல் நிலையங்களில் இருந்தெல்லாம் ஆட்களை எடுத்துவிடுவார்கள். உங்கள் தேர் அதே நாளில் என்றால் நிலையத்தில் மிஞ்சுவது மேசைக் கடமைக்கு ஒருவர்தான். நாள் குறிக்கும்போதே ஐயரிடம் இதையும் சொல்லி வையுங்கள், அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

நாங்கள் எழுதுகிற கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

பொறுப்பதிகாரி,
பொலிஸ் நிலையம், (ஊர்).
ஊடாக: கிராம அலுவலர், (பிரிவு).

ஐயா,

வருடாந்தத் தேர்த் திருவிழாவுக்குப் பொலிஸ் பாதுகாப்பும் போக்குவரத்து ஒழுங்கும் கோரல்

எமது ஆலயத்தின் தேர்த் திருவிழா (திகதி, கிழமை) காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை நடைபெறவுள்ளது. தேர் காலை 9 மணிக்கு வாசலில் புறப்பட்டு, ஆலய வீதியால் வந்து, பாடசாலைச் சந்தியில் ஏ-35 வீதியைக் கடந்து, குளக்கட்டு வீதியால் 11 மணியளவில் இருப்புக்கு வரும். ஏறத்தாழ 3000 அடியார்கள் வருவர் என எதிர்பார்க்கிறோம்.

தேர் ஏ-35 வீதியைக் கடக்கும் 9.15 முதல் 9.45 வரை போக்குவரத்தை நிறுத்தி ஒழுங்கு செய்யவும், நகைத் திருட்டைத் தடுக்க ஆலய உள்வீதியில் பெண் உத்தியோகத்தர்கள் கடமையில் நிற்கவும், (பூங்காவனத் திகதி) இரவு பூங்காவனத்தின்போது வாகனத் தரிப்பிடத்தில் ரோந்து வரவும் ஒழுங்கு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எமது தொண்டர்கள் 40 பேர் அடையாள அட்டையுடன் கடமையில் இருப்பர். தொண்டர் பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கீழே உள்ளன. தேர் செல்லும் பாதையின் வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.

பிரதிகள்: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், பிரதேச செயலாளர், பிரதேச சபைச் செயலாளர்.

இதில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். முதலாவது, நேரம். "காலை முதல் மாலை வரை பாதுகாப்புத் தரவும்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள், அல்லது சனம் வருவதற்கு முன்னர் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீதியைக் கடக்கிற அந்த அரை மணித்தியாலத்தை எழுதினால் அந்த அரை மணித்தியாலத்துக்கு ஆள் கட்டாயம் நிற்கும். இரண்டாவது, பெண் உத்தியோகத்தர். இதைக் கேட்டு எழுதாவிட்டால் அநேகமாக ஆண்களே வருவார்கள். சங்கிலி அறுக்கிற கூட்டம் சாமி வெளியே வருகிற நெரிசலில், பெண்கள் பக்கத்தில்தான் நிற்கும். கையில் கற்பூரச் சட்டியும் தலைக்கு மேல் கூப்பிய கையுமாக நிற்கிற அம்மாவின் கழுத்தை ஆண் பொலிஸ் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? மூன்றாவது, வரைபடம். கையால் கீறினால் போதும். பாடசாலை, சந்தி, குளக்கட்டு, மின்கம்பி தாழ்ந்த இடம், வாகனம் விடும் வளவு, அம்புலன்ஸ் வரும் வழி. புதிதாக மாற்றலாகி வந்த பொறுப்பதிகாரிக்கு உங்கள் ஊர் தெரியாது. அந்தக் கடதாசியைப் பார்த்தபடியே அவர் ஆட்களைப் பிரிப்பார்.

தமிழில் எழுதலாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், கடிதத்தை ஏற்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நான் ஒரு சிங்களப் பிரதியும் சேர்த்துக் கொடுப்பேன். உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக இல்லை, தேர் வெள்ளிக்கிழமை என்பதற்காக. மொழிபெயர்ப்பாளர் வரும் வரை கடிதம் மேசையில் படுத்திருந்தால் நட்டம் எங்களுக்குத்தான். ஊரில் சிங்களம் தெரிந்த ஆசிரியர் ஒருவரோ கொழும்பில் வேலை செய்த பெடியன் ஒருவனோ கட்டாயம் இருப்பான்.

கொடுக்கும்போது உங்கள் பிரதியில் நிலைய முத்திரையும் திகதியும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கோ, பார்க்கிறம்" என்றால் சிரித்துக்கொண்டே நின்று வாங்குங்கள். அப்புறம் ஒரு கிழமை கழித்துப் பொறுப்பதிகாரியை நேரில் பாருங்கள். தொலைபேசியில் இந்த அலுவல் முடியாது. போகும்போது வெள்ளை வேட்டியோடு பத்துப் பேர் போக வேண்டாம், தலைவரும் செயலாளரும் தொண்டர் பொறுப்பாளரும் போதும்.

பெரிய திருவிழா என்றால் இந்த வழி காணாது. வற்றாப்பளை, மடு போன்றவற்றுக்கு மாவட்டச் செயலகத்தில் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் நடக்கும். பொலிஸ், சுகாதாரம், இ.போ.ச., மின்சார சபை, பிரதேச சபை எல்லாம் ஒரே மேசையில் இருந்து பொறுப்பைப் பிரிக்கும். உங்கள் கோயிலும் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று நினைத்தால், சிறிய அளவில் ஒரு கூட்டத்தைக் கூட்டித் தரும்படி பிரதேச செயலாளரிடம் கேளுங்கள். ஒருவரும் மற்றவரைச் சாட்டித் தப்ப முடியாத இடம் அது ஒன்றுதான்.

சபையில் கேட்க வேண்டியவை

சபை பொலிஸ் தராது, ஆனால் சபையின் அனுமதி இல்லாமல் பொலிஸ் ஒலிபெருக்கி அனுமதியைத் தள்ளிப்போடும் இடங்கள் உண்டு. அதனால் இரண்டு வேலையையும் சேர்த்தே தொடங்குங்கள். சபைக்குச் சொந்தமான மைதானம் அல்லது மண்டபம் என்றால் வாடகையும் வைப்புப் பணமும். வீதியோரத்தில் கடை போட விட்டால் அதற்கு அனுமதி. குப்பை, தண்ணீர் பவுசர், தெரு விளக்கு. டிக்கெட் விற்றால் களியாட்ட வரி, 1946-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபை அறவிடுவது. டிக்கெட் புத்தகத்தைச் சபையில் கொண்டுபோய் முத்திரை குத்திய பிறகுதான் விற்க வேண்டும். விற்றுவிட்டு வந்து "முத்திரை அடியுங்கோ" என்று நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சபை வீதி எது, வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் வீதி எது என்பதையும் பாருங்கள். ஏ-9, ஏ-34, ஏ-35 போன்றவை சபைக்குரியவை அல்ல. அவற்றின் குறுக்கே வளைவு கட்டச் சபை சரி சொன்னாலும் செல்லாது.

ஒலிபெருக்கிக்கு பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின் கீழ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். 2007-இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கு இந்த அனுமதி கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது. பூங்காவனம், இரவு மேளக் கச்சேரி என்று அதைத் தாண்டுவது இருந்தால் விசேடமாகக் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். சாதாரணதரம், உயர்தரப் பரீட்சைக் காலம் என்றால் கேட்காமல் விடுவது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும்போது அதிகாலை நான்கு மணிக்குப் பக்திப் பாட்டுப் போட்டு அம்மனின் அருளைப் பெற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கப் புலம்பெயர் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், கோயில் கடிதம் போதாது. வாணவேடிக்கைக்கும் அனுமதி தனியாக.

காசு

கோயில் தேர், ஊர்வலம் போன்றவற்றில் பொது வீதியில் சனத்தைப் பாதுகாப்பது பொலிஸின் வழமையான கடமை. அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. டிக்கெட் போட்ட இசை நிகழ்ச்சி, கம்பனி விளம்பர விழா, தனியார் வளவுக்குள் நடக்கிற களியாட்டம் என்றால் கட்டணம் பற்றிய பேச்சு வரலாம். வந்தால் மூன்றே மூன்று கேள்வி: தொகை எவ்வளவு என்று எழுத்தில் தருவீர்களா, எந்த அலுவலகத்தில் கட்ட வேண்டும், பற்றுச்சீட்டுத் தருவீர்களா? அரச பற்றுச்சீட்டு 'பொது 172' படிவத்தில் இருக்கும், இலக்கம் அச்சடித்து. அது கையில் வராமல் ஒரு ரூபாயும் போக வேண்டாம். பற்றுச்சீட்டுக் கேட்டதும் கட்டணம் இல்லாமல் போய்விட்டால் சந்தோசம். வற்புறுத்தினால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் எழுத்தில் கேளுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954.

சாப்பாடு கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அன்னதானத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற சோறு அவர்களுக்கும் உண்டு. வெயிலில் நிற்கிறவருக்கு மோர், தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பது மனிதத்தனம். தனியாக அறைக்குள் கூப்பிட்டு, தட்டத்தில் வெற்றிலையோடு கடித உறை வைப்பது வேறு அலுவல். பெறாமகன் அனுப்பிய 'பொலிஸ் காசு' எங்களிடம் வந்தபோது தடுப்புக் கம்பிகளும் ஜெனரேற்றர் வாடகையும் ஆயிற்று. கணக்கறிக்கையில் அப்படியே எழுதினோம்.

பொலிஸ் வராத இடத்துக்குத் தொண்டர்

எத்தனை பேர் கேட்டாலும் வருவது கொஞ்சம்தான். மிச்சத்துக்கு ஊர்தான். எங்கள் பக்கத்தில் சீருடை கோயிலுக்குள் அதிகம் நிற்பதை விரும்பாத முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்குக் காரணமும் இருக்கிறது, அதை வாதாடி மாற்ற நான் போவதில்லை. அதனால் உள்வீதி பெரும்பாலும் தொண்டர்களிடம், வெளிவீதியும் பிரதான வீதியும் பொலிஸிடம் என்று பிரித்துக்கொள்கிறோம். உள்ளே வருவது பெண் உத்தியோகத்தர்கள் மட்டும்.

தொண்டர்களுக்கு ஒரு விசயத்தை முன்னமே சொல்லி வையுங்கள். கண் முன்னால் களவெடுத்தவரைப் பிடிக்கலாம். 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய அப்படியான குற்றத்தைத் தன் முன்னிலையில் செய்பவரைப் பிடிக்கத் தனியாளுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். பிடித்துத் தூணில் கட்டி நாலு சாத்துச் சாத்தினால் வழக்கு உங்கள் பெடியன் மேல்தான். பிடிபட்ட ஆளைக் கதிரையில் இருத்தி, ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் கொடுத்து, பொலிஸைக் கூப்பிடுங்கள்.

சனத்தை நிறுத்துவது கையால் ஆகாது, தடுப்பு வேண்டும். தடுப்பு கட்டினாலும் அது உடையாமல் இருக்க வழி விட வேண்டும். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்பை உடைத்து உள்ளே வந்ததை எல்லாரும் தொலைபேசியில் பார்த்தோம். காசு கட்டியவர்களுக்கு ஒரு பக்கம், இலவசத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, இலவசப் பக்கத்தில் இருந்து மேடை தெரியாவிட்டால் அந்த வேலி எத்தனை பொலிஸ் நின்றாலும் நிற்காது.

தனியார் பாதுகாப்பு நிறுவனத்தை எடுக்கலாம். வாகனத் தரிப்பிடம், உண்டியல், ஜெனரேற்றர், இரவில் மேடைச் சாமான் காவலுக்கு அவர்கள் நல்லம். 1998-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுவனம் பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவுப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். வருகிறவர்களில் ஓய்வு பெற்ற பொலிஸ், ஆமிக்காரர் இருப்பார்கள். அது பிழையில்லை, அவர்கள் இப்போது சாதாரண ஆட்கள். கடமையில் உள்ள பொலிஸ்காரர் ஒருவரை நிறுவனம் 'பகுதிநேரமாக' அனுப்புவதாகச் சொன்னால் வேறு நிறுவனம் பாருங்கள். வீதியில் வாகனம் மறிக்கும் அதிகாரம் இந்தக் காவலாளிகளுக்கு இல்லை என்பதையும் அவர்களுக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும், விசில் கையில் வந்தால் மறந்துவிடுவார்கள்.

அன்றைக்கு

பொலிஸ் வந்து இறங்கியதும் அவர்களில் மூத்தவர் யார் என்று கேட்டு, தொண்டர் பொறுப்பாளரை அவரிடம் அறிமுகப்படுத்துங்கள். பிறகு எல்லாப் பேச்சும் அந்த இரண்டு பேருக்கும் இடையில்தான். தலைவர், உபயகாரர், பழைய தலைவர், உபயகாரரின் மச்சான் என்று எல்லாரும் கட்டளை போட்டால் பொலிஸ் மரநிழலுக்குப் போய்விடும். வந்தவர்களின் பெயரும் இலக்கமும் உங்கள் கொப்பியில் இருக்கட்டும். 119-ஐயும், அம்புலன்சுக்கு 1990-ஐயும் ஒலிவாங்கி பிடிப்பவரின் மேசையில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அம்புலன்ஸ் வரும் வழியில் ஐஸ்கிறீம் வான் நிற்கக் கூடாது. இதற்கென்றே ஒரு தொண்டரை விடுங்கள், ஏனென்றால் கட்டாயம் வந்து நிற்கும்.

தேர் பிரதான வீதியைக் கடக்க நேரம் பிந்துவதாக இருந்தால் உடனே மூத்த உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மறித்த வாகனங்களுக்குள் முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸும் இருக்கும், நோயாளியோடு போகிற ஆட்டோவும் இருக்கும். நாங்கள் சாமியை வீதிக்குச் சற்று முன்னால் இருத்தி, ஒரு தடவை வாகனங்களை விட்டு, பிறகு கடக்கிறோம். தவில்காரர் அதற்கேற்ற மாதிரி இழுத்து வாசிப்பார்.

முடிந்த பிறகு பொறுப்பதிகாரிக்கு நன்றிக் கடிதம் ஒன்று, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பிரதியோடு, வந்தவர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு. முத்திரை குத்திய விண்ணப்பப் பிரதி, வரைபடம், ஒலிபெருக்கி அனுமதி, சபைப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கோயில் அலுமாரியில் வையுங்கள், வீட்டில் வேண்டாம். செயலாளர் மாறும்போது சாவியோடு சேர்த்துக் கையளிக்க வேண்டியது அதுதான்.